பத்துப் பேரைத் தீவில் அடைத்த சீமாட்டி

கடல் நடுவே ஒரு சின்னத் தீவு. தீவில் ஒரே ஒரு பங்களா.

அந்தப் பங்களாவுக்குப் பத்துப் பேர் வந்து சேருகிறார்கள். சிலருக்கு விருந்து என்று கடிதம் வந்திருக்கிறது. சிலருக்கு வேலை என்று கடிதம். சமையல்காரியும் அவள் கணவனும் தவிர, மற்றவர்கள் முன்பின் பழகாதவர்கள். வரச் சொன்ன எஜமானரை மட்டும் காணோம்.

இரவுச் சாப்பாடு முடிகிறது. திடீரென்று ஒரு குரல் கேட்கிறது. கிராமபோன் தட்டில் பதிந்த குரல் அது. பத்துப் பேரின் பெயரையும் வரிசையாகச் சொல்லுகிறது. ஒவ்வொருவரும் பிறர் உயிர் போவதற்குக் காரணமாக இருந்தவர், சட்டத்தின் கையில் சிக்காமல் தப்பியவர் என்று குற்றம் சாட்டுகிறது. சற்று நேரத்தில் ஒரு வாலிபன் மதுவைக் குடித்துவிட்டு மூச்சுத் திணறிச் சாகிறான்.

சாப்பாட்டு மேஜையில் பத்துப் பொம்மைகள் இருந்தன. இப்போது ஒன்பது!

படகு வரவில்லை. புயல் அடிக்கிறது. மீதிப் பேர் தீவு முழுவதும் தேடிப் பார்க்கிறார்கள். வேறு ஆளே இல்லை. அப்படியானால் கொலையாளி யார்? தேடியவர்களில் ஒருவர்தான்!

அறிமுகம் இல்லாதவர்களை ஓர் இடத்தில் அடைத்து, ஒவ்வொருவராகச் சாகடிக்கும் பயங்கரக் கதைகள் பின்னாளில் எத்தனையோ வந்துவிட்டன. அவற்றில் பலவற்றுக்கு இதுதான் தாய்க்கதை. 1939-ம் ஆண்டில் இதை எழுதியவர் ஒரு பெண்மணி. தோட்டத்தையும் நாய்களையும் நல்ல சாப்பாட்டையும் விரும்பியவர். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் கூச்சப்பட்டு ஒதுங்குபவர். அவர்தான் அகதா கிறிஸ்டி.

கனவில் வந்தவன்

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் என்ற ஜில்லா இருக்கிறது. அங்கே டார்க்கி என்ற கடற்கரை ஊரில், 1890-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி அகதா பிறந்தார். தந்தை அமெரிக்கர். வசதியான குடும்பம். ஓர் அக்காள், ஓர் அண்ணன். அகதா கடைக்குட்டி.

எட்டு வயது வரை குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது தாயாரின் எண்ணம். ஆனால் ஐந்து வயதுக்குள் குழந்தை தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது!

அந்த வயதில் சிறுமி அகதாவுக்கு ஒரு கெட்ட கனவு வரும். பழைய காலத்துப் பிரெஞ்சுச் சிப்பாய் உடையில் ஒருவன், கையில் துப்பாக்கியோடு வந்து நிற்பான். அவன் சுட்டுவிடுவான் என்று அவள் பயப்படவில்லை. பயம் வேறு. கனவில் எல்லோரும் கூடி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். எதிரே அம்மா இருப்பாள். திடீரென்று பார்த்தால் அம்மாவின் முகத்தில் அவனுடைய கண்கள்! அம்மா உருவத்தில் இருப்பது அவன்தான்!

அக்காள் மாட்ஜ் ஒரு விளையாட்டு விளையாடுவாள். தங்களுக்கு இன்னொரு மூத்த அக்காள் உண்டு, அவள் பைத்தியம், மலைக் குகையில் இருக்கிறாள் என்று கதை. மாட்ஜ் திடீரென்று குரலை மாற்றி, தானே அந்தப் பைத்தியக்கார அக்காளாகப் பேசத் தொடங்குவாள். தங்கைக்குக் குலை நடுங்கும். ஆனாலும் மறுபடி அந்த விளையாட்டை விளையாடும்படி கெஞ்சுவது தங்கைதான்! பேய்க் கதை கேட்டு நடுங்கிவிட்டு, இன்னொரு கதை சொல்லு பாட்டி என்று கேட்காத குழந்தை எங்கே இருக்கிறது?

மருந்து அறையில் பாடம்

அகதாவுக்கு 11 வயதில் தந்தை இறந்தார். குடும்பத்தில் பணக் கஷ்டம் வந்தது. 1914-ம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முதல் நாள், ஆர்ச்சிபால்டு கிறிஸ்டி என்ற விமானப்படை அதிகாரியை அகதா மணந்தார். அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கணவர் போர்முனைக்குத் திரும்பினார். மனைவி சொந்த ஊரில் ஆஸ்பத்திரியில் நர்சு வேலை பார்த்தார். பிறகு மருந்து கலக்கும் பிரிவுக்கு மாறினார். பரீட்சையும் எழுதித் தேறினார்.

இந்த வேலைதான் அவருக்கு விஷத்தைப் பற்றிக் கற்றுக் கொடுத்தது. எந்த மருந்து எவ்வளவு வரை மருந்து, எந்த அளவுக்குமேல் எமன் என்பது அவருக்கு அத்துபடி. அவருக்குப் பாடம் சொன்ன மருந்துக்கடைக்காரர் ஒரு விசித்திரப் பேர்வழி. கியூராரே என்ற கொடிய விஷத்தின் கட்டி ஒன்றை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். அது இருந்தால் தமக்குப் பலம் இருப்பதுபோலத் தோன்றுகிறது என்பாராம்! பார்த்தால் சாதுவான மனிதர். இவரை அகதா மறக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 1961-ல் வெளிவந்த நாவல் ஒன்றில் இவருடைய சாயலில் ஒரு பாத்திரத்தைப் படைத்தார்.

துப்பறியும் கதை எழுத உன்னால் முடியாது என்று மாட்ஜ் ஒருநாள் சீண்டியிருந்தாள். அகதா எழுதிக் காட்டினார். பல பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய அந்த முதல் நாவல் 1920-ல் வெளியாயிற்று. துப்பறிபவர் ஹெர்குல் புவாரோ என்ற பெல்ஜியம் நாட்டுக்காரர். பின்னால் உலகப் புகழ் பெற்ற இந்தப் புவாரோவின் முதல் கதைக்கு ஆசிரியைக்குக் கிடைத்தது 25 பவுன்தான்.

11 நாட்கள்

1926-ம் ஆண்டு அகதாவுக்குப் பொல்லாத ஆண்டு. ஏப்ரலில் தாயார் இறந்தார். அந்தத் துக்கம் ஆறுமுன், கணவர் விவாகரத்துக் கேட்டார். வேறு ஒரு பெண்மீது தமக்குக் காதல் என்றார்.

டிசம்பர் 3-ந் தேதி இரவு. தூங்கிக்கொண்டிருந்த ஏழு வயது மகளை வீட்டில் விட்டுவிட்டு, அகதா தாமே காரை ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் காலை கார் மட்டும் ஒரு குன்றுச் சரிவில் கிடந்தது. உள்ளே அவருடைய கோட்டு இருந்தது. ஆளைக் காணோம்!

இங்கிலாந்தே அல்லோலகல்லோலப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட போலீசாரும், பல்லாயிரம் பொதுமக்களும் காடுமேடெல்லாம் தேடினார்கள். ஆகாய விமானங்களும் பறந்தன. குளங்களில் தேடினார்கள். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில், அகதாவின் கையுறை ஒன்றை ஆவிகளோடு பேசுபவரிடம் கொடுத்துக் குறி கேட்டார். கணவர்மீது சந்தேகம் விழுந்தது.

11-வது நாள், டிசம்பர் 14-ந் தேதி, வடக்கே ஹாரகேட் என்ற ஊரில் ஒரு பெரிய ஓட்டலில் அகதா இருப்பது தெரிந்தது. வாத்திய கோஷ்டிக்காரர்கள் அடையாளம் கண்டு தகவல் கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்து வந்தவர் என்று ஓட்டல் புத்தகத்தில் எழுதியிருந்தார். பெயர் வேறு. குடும்பப் பெயராக அவர் எழுதியது, கணவர் விரும்பிய பெண்ணின் குடும்பப் பெயர்!

நினைவு தவறிவிட்டது என்று கணவர் பத்திரிகைகளுக்குச் சொன்னார். புத்தகம் விற்பதற்குச் செய்த தந்திரம் என்று ஊர் பேசியது. தாயை இழந்து, கணவனையும் இழந்துகொண்டிருந்த ஒருத்தியைப் பற்றி இப்படிப் பேச ஊருக்கு எப்படி வாய் வந்ததோ! அகதா பதில் சொல்லவில்லை. 1928-ல் விவாகரத்து ஆயிற்று.

ஆனால் 1934-ல் மேரி வெஸ்ட்மகாட் என்ற புனைபெயரில் ஒரு குடும்ப நாவல் வந்தது. அதில் கதாநாயகிக்கும் சிறுவயதில் துப்பாக்கிக்காரன் கனவில் வருகிறான். பிறகு, அன்பான கணவனின் முகத்திலேயே அவள் அவனைக் காண்கிறாள். அதை எழுதியது அகதாதான் என்று பல ஆண்டுகள் வாசகர்களுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விடக் கடினமான கணக்கு

விவாகரத்துக்குப் பின் அகதா தனியாக ரெயில் ஏறிப் பாக்தாத் போனார். அங்கு புதைபொருள் ஆராய்ச்சி நடக்கும் இடங்களைப் பார்த்தார். 1930-ல் மாக்ஸ் மல்லோவன் என்ற ஆராய்ச்சியாளரை மணந்தார். மாப்பிள்ளை 13 வயது இளையவர்! இந்தக் குடும்பம் கடைசிவரை நிலைத்தது. பயணம் செய்த ரெயிலும் கதைக்கு உதவியது. பனியில் சிக்கி நின்ற ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ரெயிலில் நடக்கும் கொலைக்கதை 1934-ல் வந்தது.

அதற்குப் பிறகுதான் தீவு. டெவன் கடற்கரையில் பர் என்று ஒரு தீவு உண்டு. கடல் வற்றும்போது நடந்தே போகலாம். அங்குள்ள ஓட்டலில் அகதா தங்கியிருக்கிறார். அந்தத் தீவைக் கதையில் நடந்து போக முடியாத தூரத்தில் வைத்தார்.

இந்தக் கதை கடினமாக இருந்ததாலேயே அதில் இறங்கினேன் என்று அவர் பின்னால் எழுதினார். பத்துப் பேரும் சாக வேண்டும், கேலிக்கூத்தாகிவிடக் கூடாது. கொலையாளி நம் கண்முன்னே இருக்க வேண்டும், தெரியவும் கூடாது. கதையில் புவாரோ கிடையாது. காப்பாற்ற யாருமே கிடையாது. ஒரு குழந்தைப் பாட்டில் உள்ளபடி ஒவ்வொரு சாவும் நடக்கிறது. பாட்டு எல்லோருடைய அறையிலும் தொங்குகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று படித்துப் பார்க்கலாம். யாருக்கு என்பதுதான் தெரியாது! மூன்று பேர் மிஞ்சும்போது, ஒவ்வொருவருக்கும் மற்ற இரண்டு முகங்களில் எதை நம்புவது என்று தெரியவில்லை. கொலையாளி யார் என்பதை இங்கே சொன்னால் வாசகர்கள் மன்னிக்கமாட்டார்கள்.

இதுபோன்ற கதை முன்பே வந்ததில்லை என்று சொல்ல முடியாது. எட்டு விருந்தாளிகளை ஒரு மாடி வீட்டில் அடைத்துக் கொல்லும் நாவல் ஒன்று அமெரிக்காவில் 1930-லேயே வெளியாயிற்று. இன்று அதை நினைப்பவர் சிலர்தான். அகதாவின் புத்தகமோ 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது என்கிறார்கள். ஆனால் அதற்கு முதலில் வைத்த பெயர், கறுப்பு மக்களை இழிவு செய்யும் சொல். அமெரிக்காவில் 1940-லேயே வேறு பெயரில் அச்சிட்டார்கள். இங்கிலாந்தில் அது மாற 1985 வரை ஆயிற்று.

போர்க்காலத்தில், 1943-ல், அகதா இதை நாடகமாக்கினார். ஒருவரும் மிஞ்சாவிட்டால் மேடையில் முடிவைச் சொல்ல ஆள் வேண்டுமே! இரண்டு பேரைப் பிழைக்க வைத்தார். நாடகம் நடந்த லண்டன் கொட்டகையில் குண்டு விழுந்தது. வேறு கொட்டகைக்கு மாற்றி ஆடினார்கள். 1945-ல் அமெரிக்காவில் சினிமாவாயிற்று. இந்தியில் 1965-ல் வந்த கும்நாம் படமும், தமிழில் வீணை எஸ். பாலசந்தர் எடுத்து 1970-ல் வெளியான நடு இரவில் படமும் இந்தக் கதையைத் தழுவியவைதான்.

எலிப்பொறி

பனியில் சிக்கிய ஒரு விடுதியில் சிலரை அடைத்து அகதா எழுதிய இன்னொரு நாடகம் எலிப்பொறி. 1952 நவம்பர் 25-ந் தேதி லண்டனில் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து கொட்டகைகளை மூடும் வரை நிற்கவே இல்லை! 2021-ல் மீண்டும் தொடங்கியது. முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று ஒவ்வொரு காட்சியின் இறுதியிலும் ரசிகர்களைக் கேட்டுக்கொள்வது வழக்கம். அதன் வருமான உரிமையை அகதா தம் பேரனுக்குக் கொடுத்துவிட்டார்.

1971-ல் பிரிட்டிஷ் அரசு அவருக்குச் சீமாட்டிப் பட்டம் அளித்தது. 66 துப்பறியும் நாவல்களை எழுதி முடித்த அகதா, 1976-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி, 85-வது வயதில் தம் வீட்டில் காலமானார்.

மறு ஆண்டு அவருடைய சுயசரிதை வெளியாயிற்று. வாசகர்கள் ஆவலோடு புரட்டினார்கள். கனவில் வந்த துப்பாக்கிக்காரன் அதில் இருந்தான். அக்காளின் விளையாட்டு இருந்தது. விஷக் கட்டியைப் பையில் வைத்திருந்த மருந்துக்கடைக்காரர் இருந்தார். 1926-ம் ஆண்டின் அந்த 11 நாட்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.