சர் கில்பர்ட் வாக்கர்

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையில், அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆகாயகங்கை என்னும் அருவி வீழ்கின்றது. ஓராண்டில் அதன் முழக்கம் நெடுந்தொலைவு கேட்கும். மற்றோராண்டில் பாறைமேல் வெள்ளிக் கம்பியென நீர் மெலிந்து வழியும். மழை ஆண்டுக்காண்டு இவ்வாறு மாறுவது ஏன்? இவ்வினாவிற்கு விடை தேடி உழைத்த பெரியார் சர் கில்பர்ட் வாக்கர்.

அவர் 1868ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராக்டேல் என்னும் ஊரிற் பிறந்தார். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் 1889இல் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். நம் நாட்டு வளரியை ஒத்த பூமராங் என்னும் எறிபடையை வீசி ஆராய்வதில் அவருக்கு அளவிறந்த வேட்கை இருந்தது. நண்பர்கள் அவரைப் பூமராங் வாக்கர் என்றே அழைத்தனர்!

வானிலை நூலிற் பயிற்சி இல்லாத இக்கணித அறிஞர் 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைவரானார். அத்துறைக்கு அன்று பெரும் இக்கட்டு நேர்ந்திருந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் சேலம் முதலிய மாவட்டங்களை வாட்டியதை மக்கள் மறக்கவில்லை. 1899இல் பருவமழை மீண்டும் பொய்த்தது. துறையினர் அதனை முன்னறியவில்லை. இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.

வாக்கர் உலகின் பல பகுதிகளிற் பதிவான காற்றழுத்தம், வெப்பம், மழை, நைல் ஆற்றின் வெள்ளம் ஆகியவற்றின் அளவுகளைத் திரட்டினார். கணிப்பொறி இல்லாத காலம் அது. இந்திய எழுத்தர் பலர் கையாலேயே கணக்கிட்டனர். அவர்தம் பொறுமையும் வாக்கரின் மேதைக்கு ஒப்பப் போற்றத்தக்கதே. பல்லாண்டு உழைப்பின் பின் ஓர் உண்மை புலனாயிற்று. பசிபிக் பெருங்கடலின்மேல் காற்றழுத்தம் உயரும்பொழுது இந்தியப் பெருங்கடலின்மேல் தாழ்கின்றது. அங்குத் தாழும்பொழுது இங்கு உயர்கின்றது. கிணற்று ஏற்றத்தின் துலாவைப் போன்ற இவ்வியக்கத்திற்குத் தென்னலைவு என அவர் பெயரிட்டார்.

இடையே அவர் செய்த மற்றொரு நற்செயலும் உண்டு. நாமக்கல்லில் கோயில் கொண்ட நாமகிரித் தாயாரை வழிபட்டுவந்த இராமானுசன், அக்காலத்தில் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராயிருந்தார். 1913இல் அவருடைய கணக்கேடுகளைக் கண்டு வியந்த வாக்கர், பல்கலைக்கழகத்திற்குப் பரிந்து எழுதினார். திங்கள்தோறும் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

தென்னலைவின் காரணத்தை வாக்கரால் காட்ட இயலவில்லை. மழையைத் தவறாது முன்னுரைக்கவும் இயலவில்லை. ஆதலால் ஐயுற்றோர் பலர். 1924இல் தாயகம் திரும்பி, இலண்டனிற் பேராசிரியராய்த் தொண்டாற்றி, 1958இல் மறைந்தார்.

1969இல் பியர்க்கினெசு என்னும் அறிஞர், பசிபிக் கடல்நீர் வெப்பமுறும் எல் நினோவும் தென்னலைவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என விளக்கினார். அக்காற்றோட்டத்திற்கு வாக்கரின் பெயரையே சூட்டினார். எல் நினோ ஆண்டுகளில் அமேசான் மழைக்காட்டு ஆறுகள் வற்றுவதுண்டு. எல் நினோவும் அட்லாண்டிக் கடலின் வெப்பமும் கூடிய 2023இல், மனௌசு நகரருகே நீக்ரோ ஆறு, 1902இல் அளவெடுப்புத் தொடங்கிய பின் அதுவரை காணாத அளவிற்குத் தாழ்ந்தது. இந்தியாவிலும் அத்தகைய ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குன்றும். ஆயினும் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை மிகுதல் உண்டு. இரு பருவமழையும் பெறும் கொல்லிமலையில், ஆடியில் மெலிந்த அருவி ஐப்பசியில் ஆர்ப்பரிப்பதும் அதனாலேயே.