பனிக்கட்டி மன்னர் பிரடெரிக் டியூடர்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருந்தும், சித்திரை மாத வெயில் நம் திருவானைக்காவலை விட்டுவைப்பதில்லை. பள்ளி விட்டு வீடு திரும்பியதும் நாம் தேடுவது மண்பானைத் தண்ணீரைத்தான். பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் எடுத்துச் செல்வதால் அது குளிர்கிறது என்று அறிவியல் வகுப்பில் படித்தோம். குளிர்சாதனப் பெட்டி வீடுகளுக்கு வராத காலத்திலேயே, கடல் கடந்து சென்னைக்குப் பனிக்கட்டி அனுப்பிய ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

பிரடெரிக் டியூடர் 1783-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். சகோதரர்கள் கல்லூரி சென்றனர். இவரோ பதின்மூன்று வயதில் படிப்பை விட்டு வணிகத்தில் நுழைந்தார். குளிர்காலத்தில் அவ்வூர் ஏரிகள் உறைந்து கிடக்கும். யாருக்கும் பயன்படாத அந்தப் பனிக்கட்டியை வெப்ப நாடுகளில் விற்றால் என்ன என்று எண்ணினார்.

1806-இல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் கப்பலை அனுப்பினார். ஊரார் நகைத்தனர். அங்கே பனிக்கட்டியைச் சேமிக்க இடமில்லாததால் அது உருகிப் பெரும் நட்டம் ஏற்பட்டது. பின்னர்க் கடனுக்காகச் சிறைக்கும் சென்றார். ஆயினும் மனம் தளரவில்லை. எப்பொருள் வெப்பத்தைத் தடுக்கும் என்று ஆராய்ந்தார். மர அறுவை ஆலைகளில் வீணாகக் கிடந்த மரத்தூளே சிறந்த காவலன் என்று கண்டார். நத்தானியல் வைத் என்பவர் குதிரை இழுக்கும் வெட்டுக்கருவியைச் செய்து கொடுத்தார். ஒரே அளவான கட்டிகளை இடைவெளியின்றி அடுக்க முடிந்ததால் உருகுவது குறைந்தது.

ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் உள்ளே நுழையாமல் தடுத்துவிட்டால் பனிக்கட்டி நெடுநாள் நிற்கும். இதுவே அவருடைய வெற்றியின் இரகசியம்.

1833-இல் டஸ்கனி என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணத்தில் நிலநடுக்கோட்டை இருமுறை கடந்தும் சுமார் 100 டன் கரை சேர்ந்தது! காபி வணிகத்தில் பேராசைப்பட்டுப் பெருங்கடனில் விழுந்த டியூடரை மீட்டது, பின்னாளில் இந்தப் பனிக்கட்டி வணிகமே. பல ஆண்டுகள் உழைத்துக் கடனை அடைத்தார்.

சென்னைக் கடற்கரையில் 1842-இல் அவருடைய பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. அதுவே ஐஸ் ஹவுஸ். அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. நம் படகோட்டிகளே அலைகளோடு போராடிச் சரக்குகளைக் கரை சேர்த்தனர். ஆனால் பனிக்கட்டி பெரும்பாலும் ஆங்கிலேயர், செல்வர் இல்லங்களுக்கே சென்றது என்பதை எண்ணும்போது நம் மனம் வருந்துகிறது.

டியூடர் 1864-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் காலமானார். பிறகு இயந்திரங்கள் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் கப்பல் வணிகம் மறைந்தது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய பெருமையால், ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

இன்று ஏழை எளியவர் வீட்டிலும் குளிர்ந்த நீர் கிடைக்கிறது. தடுப்பூசி மருந்துகளும் குளிரில் வைத்துக் காக்கப்படுகின்றன. வீண் என்று பிறர் ஒதுக்கிய ஏரிப் பனியிலும் மரத்தூளிலும் பயனைக் கண்டவர் டியூடர். தோழியரே, தோல்வி கண்டு துவளாத அவரது உறுதியைக் கைக்கொள்வோம், பேராசையை விலக்குவோம், நாம் பெறும் அறிவின் பயன் எளியவர்க்கும் எட்டுமாறு உழைப்போமாக!