கிறேஸ் ஹொப்பர் அம்மையார்

கருவி மனிதனுக்காக அமைவதா, மனிதன் கருவிக்காகத் தன்னை மாற்றிக்கொள்வதா என்னும் வினா எழுத்தாணிக் காலத்திலும் இருந்தது. கணினிக் காலத்திலும் இருக்கின்றது. இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கிச் சென்றவர் கிறேஸ் ஹொப்பர் அம்மையார். இலக்கணம் கற்பிக்கும் யான் கணித அறிஞர் ஒருவரைப் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. அவர் ஆற்றிய பெரும்பணி மொழி பற்றியது.

அம்மையார் 1906 ஆம் ஆண்டு டிசம்பர் 9 ஆந் திகதி நியூயோர்க் நகரிற் பிறந்தார். சிறுமியாயிருந்தபோது, மணிக்கூடு எவ்வாறு ஒலிக்கின்றது என்று அறியும் ஆவலால் வீட்டிலிருந்த ஏழு மணிக்கூடுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார் என்பர். 1934 இல் யேல் பல்கலைக்கழகத்திலே கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். வாசர் கல்லூரியில் ஆசிரியராயிருந்த காலத்திற் கணித மாணவரைக் கட்டுரை எழுதச் செய்தார். அறிந்ததைப் பிறர்க்கு விளங்கவுரைக்க இயலாதவிடத்து அவ்வறிவாற் பயனில்லை என்பது அவர் கொள்கை. ஆசிரியராகிய நாம் இதனைச் சிந்தித்தல் தகும்.

இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையிற் சேர்ந்த அவர், 1944 இல் ஹாவாட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார். ஆங்கிருந்த கணிப்பொறி ஏறக்குறைய 51 அடி நீளமானது. அதற்கு இடும் கட்டளைகள் யாவும் எண்களே. பயன்பட்ட கட்டளைத் தொடர்களை அறிஞர் குறிப்பேட்டிலிருந்து பார்த்தெழுதுவர். எழுதும்போது பிழைகள் புகும். பின்னர் அவர் பிலடெல்பியாவிற் பணிபுரிந்தபோது, அங்கிருந்த கணினிக்காக எட்டினை அடியாகக் கொண்ட எண்முறையிற் பழகினார். அப்பழக்கத்தினாலே தமது வங்கிக் கணக்கையும் எட்டின் அடியிற் கழித்துவந்தார். கணக்கு ஒவ்வாமையின் காரணத்தை வங்கியிற் பணியாற்றிய அவர் சகோதரரே கண்டறிந்தார். கற்றறிந்த ஒருவரையே பொறி தன்வழிக்கு இழுத்துவிட்டதாயின், கல்லாதார் நிலை யாதாகும்?

பொறியே தனக்குரிய கட்டளைகளைத் தேடித் தொகுத்துக்கொள்ளுமாறு ஒரு செய்நிரலை 1952 இல் அவர் அமைத்தார். உரையாசிரியர் சூத்திரத்துக்கும் மாணவனுக்கும் இடைநிற்றல்போல, அது மனிதனுக்கும் பொறிக்கும் இடைநின்றது. கணினி எண் கூட்டுமேயன்றி வேறொன்றும் செய்யாதென்று பலர் அதனை நம்பவில்லை.

அடுத்து அவர் எண்ணியது இன்னும் துணிவானது. வணிக நிலையங்களிற் கணக்கெழுதுவோர் குறியீடுகளை வெறுப்பர்; ஆதலின் அவர்கள் வழங்கும் ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிட வழிசெய்ய வேண்டும் என்றார். கணினிக்கு ஆங்கிலம் விளங்காதென மறுத்தனர். அவரோ தயங்காது சிறியதொரு மாதிரியைச் செய்து இயக்கிக் காட்டினார். அதே கட்டளைகளைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அமைத்துக் காட்டியபோது மேலாளர் திகைத்தனர். அமெரிக்காவிலே செய்த பொறி பிரெஞ்சு மொழியை அறிவதெங்ஙனம் என்பது அவர்கள் ஐயம்! பொறிக்கு எம்மொழியும் தாய்மொழியன்று. எல்லாம் வெறும் அடையாளங்களே. இவ்வுண்மை தமிழராகிய நமக்கும் உரியது.

அம்முயற்சியினின்றும் 'புளோ-மாற்றிக்' என்னும் கணினிமொழி தோன்றியது. அதனைப் பெரிதும் தழுவி, 1959 இல் ஒரு குழுவினர் 'கோபோல்' மொழியை வகுக்கத் தொடங்கினர். அம்மையார் அதற்கு ஆலோசகராயிருந்தார். 1960 டிசம்பரில், இருவேறு நிறுவனங்களின் கணினிகளில் ஒரே செய்நிரல் இயக்கிக் காட்டப்பட்டது. கோபோல் சொற்பெருக்கம் உடையதென்று குறைகூறியோர் உளர். அக்குறையில் உண்மையும் உண்டு. ஆயினும் வங்கிகளும் அரசாங்கங்களும் அதனை நெடுங்காலம் கைவிடவில்லை.

1966 இல் ஓய்வுபெற்ற அவரைக் கடற்படை மறுவாண்டே திரும்ப அழைத்தது. ரியர் அட்மிரலாக 1986 இல் விடைபெற்றபோது அவருக்கு வயது 79. சொற்பொழிவுகளில், ஒரு செக்கனின் நூறுகோடியில் ஒரு பங்கு நேரத்தில் மின்குறிப்பு செல்லக்கூடிய தூரத்தைக் காட்ட, ஏறக்குறைய ஓரடி நீளக் கம்பித்துண்டுகளை வழங்குவார். அவர் அலுவலகச் சுவரில் மணிக்கூடு இடஞ்சுழியாக ஓடியது. வழக்கம் என்பதே நியாயமாகாதென உணர்த்தவே அவ்வாறு வைத்திருந்தார்.

1992 ஜனவரி முதலாந் திகதி அம்மையார் மறைந்தார். எளியோர்க்கும் எட்டச் செய்தல் அறிவைத் தாழ்த்துவதாகாது. அதுவே அறிவின் பயன் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகின்றது. கணினி செய்வோர்க்கும், நூல் செய்வோர்க்கும், வகுப்பறையில் நிற்போர்க்கும் அது பொது.