செங்கல் சூளை போட்ட நாராயண பிள்ளை

1819 மே மாதம், பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் ‘இந்தியானா’ கப்பலில் சிங்கப்பூர் வந்தார் நாராயண பிள்ளை. முதலில் கருவூலத்தில் வேலை பார்த்தார். ஊரில் வீடுகள் எழும்பத் தொடங்கியதும், இங்குள்ள முதல் செங்கல் சூளையைப் போட்டார். பினாங்கிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். கிராஸ் ஸ்திரீட்டில் ஜவுளிக்கடையும் வைத்தார். 1822இல் அது தீயில் எரிந்து, கடன்தான் மிஞ்சியது. ராஃபிள்ஸ் அந்த ஆண்டு திரும்பி வந்தபோது, இப்போது ராஃபிள்ஸ் பிளேஸ் இருக்குமிடத்தில் அவருக்கு நிலம் கொடுத்தார். பிள்ளை மறுபடி வியாபாரத்தில் இறங்கினார்.

1827இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் அவர் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கு மரச்சட்டமும் அத்தாப்புக் கூரையும்தான். இத்தனைக்கும் அவர் செங்கல் வியாபாரி! செங்கல் கட்டடம் பிறகுதான் வந்தது.

சிறுவயதிலிருந்து அந்தக் கோயிலுக்குப் போகிறேன். 2019இல் ஆற்றோரம் அவருக்குச் சிலை வைத்தபோதுதான் எனக்கு அவர் பெயரே தெரிந்தது. கோயில் நிற்கிறது, சூளை இல்லை.