மென்பொருளுக்கு நிலம் பண்படுத்திய நரசிம்மன்

ஜொகூர் பாரு சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸ் செல்லும் தெப்ராவ் இரயிலுக்குக் கைப்பேசியிலேயே பயணச்சீட்டு வாங்கிவிடுகிறோம். எந்த நேரத்திற்கு இரயில் உண்டு, எத்தனை இருக்கைகள் மீதம் உள்ளன என்பதெல்லாம் திரையில் தெரிகின்றன. இத்தகைய செயலியைக் கடையில் ஆயத்தமாக வாங்கிவிட முடியாது. ஒரு நிறுவனத்தின் தேவையைக் கேட்டறிந்து, அதற்கென்றே எழுதித் தரப்படும் மென்பொருள் அது. கடையில் தொங்கும் சட்டைக்கும் தையற்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு. இந்தியாவில் இத்தொழில் வேரூன்றுவதற்கு நிலத்தைப் பண்படுத்தியவர்களுள் ஒருவர் ஆர். நரசிம்மன். உங்களுள் பெரும்பாலோர் பிறப்பதற்கு முன்பே அவர் மறைந்துவிட்டார்.

நரசிம்மன் 1926ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்ற பின் அமெரிக்கா சென்றார். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலில் முதுகலைப் பட்டமும் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1954இல் நாடு திரும்பி, பம்பாயிலிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். அதை நிறுவிய அறிவியலாளர் ஹோமி பாபா, கணினி ஒன்றை நாட்டிலேயே உருவாக்க வேண்டும் என்று விரும்பினார். அப்பணி நரசிம்மனின் குழுவிடம் வந்தது.

எளிதான பணியன்று அது. குழுவில் இருந்தோர் இளம் பொறியாளர்கள். கணினி செய்த அனுபவம் அவர்களுக்கு இல்லை. அதே காலத்தில் கல்கத்தாவிலிருந்த இந்தியப் புள்ளியியல் கழகம் பிரிட்டனிலிருந்து ஒரு கணினியை விலைக்கு வாங்கியது. பம்பாய்க் குழுவினரோ, வெளிநாடுகளில் அச்சாகி வந்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துத் தாங்களே வடிவமைக்க முனைந்தனர். நேரே பெரிய பொறியில் கைவைக்காமல், முதலில் சிறிய மாதிரிக் கணினி ஒன்றைச் செய்து பார்த்தனர். அது இயங்கியது. பிறகே முழுக் கணினியின் வேலை தொடங்கியது. 1960ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது பயன்பாட்டுக்கு வந்தது. 1962இல் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார்.

டிஃப்ராக் ஓர் அறையையே நிறைத்தது. அதனுள் ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. ஒவ்வொன்றும் மின்விளக்கைப் போல் சூடேறும். ஒன்று பழுதானாலும் கணக்குக் கெட்டுவிடக்கூடும். கட்டளைகளைத் துளையிட்ட காகித நாடாவில் பதித்து உள்ளே செலுத்த வேண்டும். அதன் நினைவகம் முழுவதையும் இன்றைய அளவில் சொன்னால் 10 கிலோபைட்தான். உங்கள் கைப்பேசியில் உள்ள ஒரு நிழற்படத்தைக்கூட அதில் சேமிக்க இயலாது!

ஆனால், டிஃப்ராக் பிறந்தபோதே பழையதாகிவிட்டது. அதற்குள் மேலைநாடுகளில் வெற்றிடக் குழாய்களுக்குப் பதிலாகத் திரிதடையங்களைக் கொண்ட கணினிகள் வந்துவிட்டன. 1964இல் அதே ஆராய்ச்சிக் கழகம் அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய கணினியை வாங்கியது. டிஃப்ராக் விரைவில் ஓய்வு பெற்றது. அப்படியானால் இத்தனை ஆண்டு உழைப்பும் வீண்தானா? பொறியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால், அந்தப் பொறியைக் கட்டியவர்களுக்கு ஒரு கணினி உள்ளே எப்படிச் சிந்திக்கிறது என்பது கைவிரல்களிலேயே தெரிந்திருந்தது. வெளி ஆய்வு நிறுவனத்தாரும் தங்கள் கணக்குகளை எடுத்துக்கொண்டு டிஃப்ராக்கைத் தேடி வந்தனர். பிறருடைய சிக்கலைக் கேட்டு, அதைக் கணினிக்குரிய கட்டளைகளாக மாற்றும் பழக்கம் அங்கே வளர்ந்தது. பணம் கொடுத்து இறக்குமதி செய்யக்கூடிய பொருளா அது?

இடையில் நரசிம்மன் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினார். படங்களில் உள்ள வடிவங்களைக் கணினி தானே அடையாளம் காண்பதற்கான வழியை அங்கு ஆராய்ந்தார். தாயகம் திரும்பியபின், 1965இல் தோன்றிய இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவரானார். மென்பொருள் மேம்பாட்டுக்கென்றே ஒரு தேசிய மையம் அவருடைய தலைமையில் டாட்டா கழகத்தில் உருவானது. கணினி என்றாலே பொறி என்று பலரும் எண்ணிய காலம் அது. 1975இல் இந்திய அரசு சி.எம்.சி. என்னும் நிறுவனத்தைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் பொறுப்பையும் அவரே ஏற்றார். 1978இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது; அது விட்டுச்சென்ற கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு சி.எம்.சி.யிடம் வந்தது.

பராமரிப்பில் தொடங்கிய அந்நிறுவனம் பின்னர் மென்பொருளும் எழுதியது. அவற்றுள் பெரியது இந்திய இரயில்வேக்கான முன்பதிவு மென்பொருள். அதற்கு முன்பு ஒவ்வோர் இரயிலுக்கும் தனிப் பேரேடு இருந்தது. எழுத்தர் பெயர்களைக் கையால் எழுதுவார். வேறொரு இரயிலில் இடம் வேண்டுமென்றால் வேறொரு வரிசையில் போய் நிற்க வேண்டும். பெண்களுக்கு, படைவீரர்களுக்கு, வழியில் உள்ள நிலையங்களுக்கு எனத் தனித்தனி இட ஒதுக்கீடுகளும் பலவகைக் கட்டணச் சலுகைகளும் இருந்தன. எந்த நாட்டில் விற்கும் மென்பொருளும் இத்தனை விதிகளுக்குப் பொருந்தாது. எனவே, முகப்பில் நடக்கும் வேலையைக் கூர்ந்து அறிந்து அதற்கென்றே எழுத வேண்டியிருந்தது. 1980களின் நடுவில் புது டில்லியில் அது செயற்பாட்டுக்கு வந்தபோது, எந்த முகப்பில் நின்றாலும் எந்த இரயிலுக்கும் இடம் பெற முடிந்தது. நரசிம்மன் இம்மென்பொருளை எழுதியவர் அல்லர். அப்போது அவர் தலைவர் பொறுப்பிலும் இல்லை. எனினும், அந்நிறுவனம் அவர் கையில்தான் நடைபழகியது.

இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. முதுமையில் அவருடைய கவனம் மொழியின்பால் திரும்பியது. குழந்தை எவ்வாறு பேசக் கற்றுக்கொள்கிறது, எழுத்தறிவு மனிதனின் சிந்தனையை எவ்வாறு மாற்றுகிறது என்பவற்றை ஆராய்ந்து நூல்கள் எழுதினார். ஒரு பொறிக்குக் கட்டளை இடக் கற்றவர், மழலையின் பேச்சைக் கேட்டுக் கொண்டிருந்தார். 2007ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பெங்களூரில் அவர் காலமானார்.