காவிரியில் கரண்ட் எடுக்க வழி போட்ட வக்கீல்

முசிறி பாலத்துல போறப்போ கீழே ஓடுற காவிரியைப் பார்த்திருப்பீங்க. அந்தத் தண்ணி நம்ம ஊருக்குச் சும்மா வரலை. மேட்டூர் அணையில டர்பைனைச் சுத்திட்டு, செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டைன்னு ஒவ்வொரு கதவணையிலும் மறுபடி கரண்ட் கொடுத்துட்டுத்தான் வருது. இதுக்கெல்லாம் ஆரம்பத்துல வழி போட்டவங்கள்ல முக்கியமான ஒருத்தர் இன்ஜினியரே இல்லை. அவர் ஒரு வக்கீல், சர் சி.பி.ராமசாமி ஐயர்.

1879-ல் வந்தவாசியில் பிறந்தவர். சென்னையில் சட்டம் படிச்சு பெரிய வக்கீலாகி, அன்னி பெசன்ட்டோட ஹோம்ரூல் இயக்கத்திலும் இருந்தார். 1923-ல் சென்னை மாகாண ஆட்சிக் குழுவில் சட்ட உறுப்பினரானார். பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்புக்கு வந்துச்சு.

அப்போ காவிரியில அணை கட்டத் தடையா இருந்தது டெக்னாலஜி இல்லை, மைசூரோட இருந்த தகராறு. 1924-ல் ஒப்பந்தம் ஆச்சு. 1925-ல் மேட்டூர் வேலை தொடங்கி, 1934-ல் அணை திறந்தாங்க. 1937-ல் அங்கே மின் உற்பத்தியும் ஆரம்பிச்சுது. அதுக்காக ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் இறங்கினா பண்ணவாடியில கோயில் நந்தி இப்பவும் வெளியே தெரியும்.

நீலகிரியில பைகாரா திட்டமும் அவர் காலத்துலதான் உருவாச்சு. அவர் பதவியை விட்டு வந்த பிறகு, 1932-ல் அது ஓடத் தொடங்குச்சு. நாம படிச்ச ஃபார்முலாவை ஞாபகப்படுத்திக்கோங்க: பவர் வேணும்னா ஒண்ணு தண்ணி நிறைய வேணும், இல்லைன்னா உயரம் வேணும். மேட்டூர்ல தண்ணி அதிகம், உயரம் கம்மி. பைகாராவுல தண்ணி கம்மி, ஆனா 3,000 அடிக்கும் மேலே இருந்து பெல்டன் வீல் மேல விழுது. அந்தக் கரண்ட் போன பிறகுதான் கோயம்புத்தூர்ல மில்களும் கிணத்து மோட்டார்களும் பெருகுச்சு. கேட்க ஆள் வர்றதுக்கு முன்னாடியே கரண்டைத் தயாரா வைக்கணும்ங்கிறதுதான் அவர் பாணி.

1936-ல் திருவிதாங்கூர் திவான் ஆனார். 1940-ல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சுது. இன்றைய கேரளாவோட முதல் நீர்மின் திட்டம் அது. கடற்கரை மோனசைட் மணல்ல இருக்கிற தோரியத்தோட மதிப்பையும் அவர் அப்பவே புரிஞ்சுக்கிட்டார். இந்தியாவோட அணுமின் திட்டத்தில் மூணாவது கட்டம் இன்னைக்கும் அந்தத் தோரியத்தை நம்பித்தான் இருக்கு.

ஆனா கதையில இன்னொரு பக்கமும் இருக்கு. 1946-ல் புன்னப்புரா, வயலார்ல எழுந்த தொழிலாளர் கிளர்ச்சியை அவரோட அரசு துப்பாக்கியால அடக்குச்சு. பலர் செத்தாங்க. 1947-ல் திருவிதாங்கூர் தனி நாடாகும்னு அறிவிச்சார். ஜூலை 25-ம் தேதி அவரை வெட்டினாங்க, உயிர் தப்பினார். சில நாள்ல திருவிதாங்கூர் இந்தியாவோட சேர்ந்துச்சு, அவரும் பதவியை விட்டுட்டுப் போயிட்டார். அப்புறம் துணைவேந்தரா இருந்து, 1966-ல் லண்டனில் காலமானார்.

இருபது வருஷம் கழிச்சு மக்களுக்கு எவ்வளவு கரண்ட் வேணும்னு கணிக்கத் தெரிஞ்சவருக்கு, அதே மக்கள் எதிர்ல நின்னு கேட்டது காதுல விழலை. நாளைக்கு நீங்க ஒரு சோலார் பார்க் டீம்லயோ அணுமின் நிலையத்திலயோ இருக்கலாம். தூரமாப் பார்க்கிறதை அவர்கிட்ட கத்துக்கோங்க. மெகாவாட் கணக்கு முடிஞ்சதும், அந்த இடத்துல குடியிருக்கிறவங்ககிட்ட போய் உட்கார்ந்து பேசுங்க. அதை அவர்கிட்ட கத்துக்க முடியாது.