கூலிக்காரர் குழந்தைகளிடம் பாடம் படித்த டாக்டர்: மாண்டிசோரி அம்மையார் வரலாறு

மாண்டிசோரி என்ற பெயர்ப்பலகை இல்லாத பட்டணம் இன்று இந்தியாவில் இல்லை. பிள்ளையைச் சேர்க்கப் போனால், பல இடங்களில் பீஸைக் கேட்டதுமே வாயடைத்துப் போகிறது. ஆனால் அந்தப் பெயருக்கு உரிய அம்மையார் தம் முதல் பள்ளியை வசதி படைத்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் திறக்கவில்லை. தாயும் தகப்பனும் கூலி வேலைக்குப் போய்விட, பகல் முழுவதும் கேட்பாரற்றுத் திரிந்த பிள்ளைகளுக்காகத் திறந்தார்.

மேரியா மாண்டிசோரி 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி இத்தாலியில் கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசாங்க உத்தியோகஸ்தர். மேரியா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. படித்த பெண் என்றால் ஆசிரியை ஆவதுதான் அந்த நாளைய வழக்கம். மேரியாவோ டாக்டராக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். தாய் பக்கபலமாக நின்றார்.

மருத்துவக் கல்லூரியில் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிணத்தை அறுத்துப் படிக்கும் பாடத்தை ஆண் மாணவர்களோடு சேர்ந்து படிக்க அவரை விடவில்லை. எல்லோரும் போன பிறகு, பிணங்களின் நடுவே தனியாக நின்று படித்தார். நாற்றம் தாங்காமல் புகையிலைப் புகையை மூட்டிக்கொள்வாராம். 1896-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். இத்தாலியில் அந்தப் பட்டம் பெற்ற முதல் சில பெண்களில் அவர் ஒருவர்.

பெற்றும் சொல்ல முடியாத பிள்ளை

டாக்டரானதும் மனநோய் விடுதிகளுக்குப் போகும் வேலை வந்தது. மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். விளையாட ஒரு துரும்புகூட இல்லாத வெறும் அறை. சாப்பிட்ட பிறகு அந்தக் குழந்தைகள் தரையில் கிடந்த ரொட்டித் துகள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. காவல்காரி அதைப் பேராசை என்று நினைத்தாள். மேரியாவுக்கு வேறு விதமாகப் பட்டது. இவை தேடுவது தீனியை அல்ல, கைக்கு ஒரு வேலையை என்று கண்டுகொண்டார். தொட்டும் உருட்டியும் அடுக்கியும் கற்கும் சாமான்களைக் கொடுத்துப் பழக்கினார். ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளில் சிலர், மற்றப் பிள்ளைகள் எழுதும் பரீட்சையிலேயே தேறினார்கள்.

இந்தச் சமயத்தில் உடன் வேலை பார்த்த மோன்டசானோ என்ற டாக்டரோடு நெருக்கம் ஏற்பட்டது. 1898-ல் மாரியோ என்ற ஆண் குழந்தை பிறந்தது. கல்யாணம் நடக்கவில்லை. கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட வேண்டும். கல்யாணமில்லாத பிள்ளை என்று தெரிந்தால் ஊர் தூற்றும். குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்தார். அவ்வப்போது போய்ப் பார்ப்பார். தாய் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். உலகத்துக் குழந்தைகளைப் பற்றியெல்லாம் எழுதியவருக்குத் தம் குழந்தையை மடியில் வைத்து வளர்க்கும் பாக்கியம் இல்லாமல் போயிற்று. தம் தாய் இறந்த பிறகுதான், சுமார் பதினைந்து வயதுப் பையனாகிவிட்ட மாரியோவைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். அப்போதும் வெளியாரிடம் மகன் என்று சொல்லவில்லை.

சுவரில் கிறுக்கிய பிள்ளைகள்

ரோம் நகரில் சான் லோரன்சோ என்பது ஏழைத் தொழிலாளர் பேட்டை. அங்கே ஒரு கட்டிடக் கம்பெனி பழைய வீடுகளைப் புதுப்பித்து வாடகைக்கு விட்டது. பெற்றோர் வேலைக்குப் போனதும் சிறு பிள்ளைகள் படிக்கட்டை உடைப்பார்கள், சுவரில் கிறுக்குவார்கள். ரிப்பேர் செலவைவிட, ஓர் அறை ஒதுக்கி ஒரு பெண்ணைக் காவல் வைப்பது லாபம் என்று கம்பெனி கணக்குப் போட்டது. உலகப் புகழ் பெற்ற கல்வி முறை பிறந்தது இந்த வாடகைக் கணக்கிலிருந்துதான்!

1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி அந்த அறை திறக்கப்பட்டது. பெயர் குழந்தைகள் இல்லம். சுமார் 50 பிள்ளைகள். கவனிக்க வந்த பெண் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்ல. ஒரு நாள் அவர் தாமதமாக வந்தார். அதற்குள் பிள்ளைகள் அலமாரியிலிருந்து வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு சத்தமின்றி வேலையில் மூழ்கியிருந்தார்கள். மேரியா கோபிக்கவில்லை. அன்று முதல் பூட்டிய அலமாரிக்குப் பதிலாகக் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் திறந்த அலமாரி வந்தது. நாற்காலியும் மேஜையும் குழந்தை தானே தூக்கி நகர்த்தும்படி சிறிதாக வந்தன. மரத்துண்டுகளைக் குழியில் பொருத்தி விளையாடிய ஒரு சிறுமி, சுற்றிலும் பாட்டுப் பாடியும் தலை நிமிராமல் நாற்பது தடவைக்கு மேல் அதையே செய்ததை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அடி, மிட்டாய், பரிசு எதுவும் வேண்டாம். பிடித்த வேலை கிடைத்தால் போதும் என்பதை அந்தப் பிள்ளைகள் அவருக்குக் கற்பித்தார்கள்.

உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகினார்கள். அந்த வருஷம் டிசம்பரில் ஒரு நாள், மொட்டைமாடியில் சாக்கட்டியால் படம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் திடீரென்று ஒரு சொல்லை எழுதிவிட்டுக் குதித்தான். பிறகு மற்றப் பிள்ளைகளும் தரை, கதவு, சுவர் என்று எழுதித் தள்ளினார்கள். முன்பு கிறுக்கிப் பாழாக்கிய அதே கைகள்தான்!

1909-ல் புத்தகம் வந்தது. பல மொழிகளில் பெயர்த்தார்கள். அமெரிக்காவில் ராஜ வரவேற்பு. இத்தாலியில் முசோலினியும் ஆதரித்தார். அம்மையாரும் அதை ஏற்றார். அது அவர் வரலாற்றில் ஒரு கறைதான். ஆனால் குழந்தைகளைச் சிப்பாய்களாக்கும் ஆட்சிக்கும் அவருக்கும் எத்தனை நாள் ஒத்துப்போகும்? 1934-ல் முறிந்தது. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. 1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டதும் அங்கிருந்து தப்பி ஹாலந்து சேர்ந்தார்.

அடையாறில் ஒரு பிறந்த நாள் பரிசு

1931-ல் லண்டனில் காந்தியடிகள் அவரைச் சந்தித்திருந்தார். இந்தக் கல்வி பரம ஏழைகளின் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது காந்தியடிகளின் விருப்பம். 1939-ல் பிரம்மஞான சபை அழைக்க, அம்மையார் மாரியோவோடு சென்னை அடையாறுக்கு வந்தார். பல மாகாணங்களிலிருந்தும் வந்த சுமார் 300 பேருக்கு ஓலைக் கொட்டகையில் வகுப்பு நடந்தது. அவர் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ இங்கிலீஷில் சொல்வார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. இத்தாலியர்கள் பகைவர் ஆனார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் அடையாறு எல்லையை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. ஆகஸ்டு 31-ந் தேதி அவருக்கு 70 வயது நிறைந்தது. அன்று வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக மகனைத் திருப்பி அனுப்புவதாகச் செய்தி. நாற்பது வருஷம் மறைத்து வைத்த உறவை அயல்நாட்டு சர்க்கார் வெளிப்படையாக ஏற்றுவிட்டது!

பிறகு கொடைக்கானலில் சில வருஷம். அங்கே செடி, பூச்சி, கல் என்று மலைக்காட்டையே வகுப்பறை ஆக்கினார். பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் மனம் எதையும் தானாக உறிஞ்சிக்கொள்கிறது என்ற அவருடைய கருத்து நூலாக வெளிவந்ததும் 1949-ல் அடையாறில்தான். வெளி மாநிலத்துக்குப் பிழைக்க வந்த நம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பத்து வருஷமாகியும் அப்பா கடைக்காரனிடம் பேசத் தடுமாறுகிறார். மூன்று வயதுப் பெண் தெருவில் விளையாடியே ஊர்மொழியைப் பொரிந்து தள்ளுகிறாள்.

குழந்தைகளுக்குச் சோறும் சிகிச்சையும் தர வேண்டும் என்று சர்வதேச சங்கம் 1924-ல் ஜெனீவா பிரகடனத்தை ஏற்றிருந்தது. அம்மையார் அதற்கு மேலும் கேட்டார். குழந்தை பெரியவர்களின் உடைமை அல்ல, இன்றைக்கே ஒரு குடிமகன் என்று வாதாடினார். 1950-ல் பிளாரன்ஸ் நகரில் கூடிய யுனெஸ்கோ மாநாட்டுக்கும் போனார். அமைதிக்கான நோபல் பரிசுக்கு மூன்று முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை. ஐ.நா. சபை குழந்தை உரிமைப் பிரகடனத்தை ஏற்றது 1959-ல். சட்ட வலிமை உள்ள உடன்படிக்கை 1989-ல் வந்தது. அதில் இந்தியா சேர்ந்தது 1992-ல். இவை எதையும் பார்க்க அவர் இல்லை.

1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி, ஹாலந்தில் நோர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில் காலமானார். ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது பற்றி அப்போது பேசிக்கொண்டிருந்தாராம். வயது 81. உடைமையெல்லாம் மாரியோவுக்கு என்று உயில் எழுதி வைத்திருந்தார். அதில் அவரை மகன் என்றே குறிப்பிட்டிருந்தார்.